குரும்பைக்குளம் விமானத்தின் ஹாரன்

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, குரும்பைக்குளம் விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் பேட்டரி கழற்றிய நிலையில் நின்றுகொண்டிருந்த இரண்டு இருக்கை விமானத்தின் எச்சரிக்கை ஹாரன் தானாக ஊதத் தொடங்கியது; அதே நிமிடத்தில்தான் ஜெபசிங் தோளில் ஒரு தோல் பையோடு உள்ளே வந்து, "அண்ணே, மாமா அவங்க முள் மீட்டரை எனக்குக் குடுத்துட்டாங்க" என்று செல்வின் துரையிடம் சொன்னார் என்பதை, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றாததால், ஒருவரும் குறித்து வைக்கவில்லை.

அந்த ஹாரனுக்கு ஒரே ஒரு வேலைதான். விமானம் மூக்கை அளவுக்கு மேல் தூக்கி, வேகம் குறைந்து, காற்று இறக்கையைக் கைவிடப்போகும் தறுவாயில், இடது இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் கட்டைவிரல் நகம் அளவுள்ள தகடு மேலே எழும். எழுந்ததும் ஒரு சுவிட்ச் சேரும். சேர்ந்ததும் ஓட்டுபவரின் தலைக்கு மேல் ஹாரன் ஊதும். ஊதினால் உடனே மூக்கை இறக்க வேண்டும். ஊதாவிட்டால், புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு, தான் விழுந்துகொண்டிருப்பது விழுந்த பிறகுதான் தெரியும்.

செல்வின் துரை பத்தொன்பது வருடமாக அந்தப் பள்ளியில் மின்சாரப் பகுதிப் பொறியாளர். ஜெபசிங் அவருக்குச் சகலை, அதாவது அவர் மனைவி கிருபையின் தங்கை ஷீபாவின் புருஷன். ஷார்ஜாவில் பெரிய விமானங்களுக்கு வேலை பார்த்துவிட்டுப் போன ஆகஸ்டில் ஊர் திரும்பியவர். அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே செல்வின் துரைதான், கிருபை மூன்று வாரம் சரியாகச் சோறு போடாததால். போன வருடம் ஜனவரியிலிருந்து தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் செல்வின் துரை உட்காருவார் என்று ஆகஸ்டு வரை எல்லோரும் சொன்னார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமனார் ஞானதிரவியம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒயரில் மின்சாரம் ஓடுகிறதா என்று அளக்கும் அவருடைய முள் மீட்டர் தோல் உறைக்குள், பீரோவின் மேல் தட்டில், வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இருபத்து நான்கு கிறிஸ்துமஸ்களில், பந்தி முடிந்ததும் செல்வின் துரை எழுந்து போய் அதை எடுத்து, உறையைத் திறந்து, கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்து, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, மறுபடி இருந்த இடத்தில் வைத்துவந்தார். தான் அதற்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருப்பதாக அவர் நினைத்திருந்தார். மூத்த மருமகன் சுத்தத்துக்கு முக்கியத்துவம் கொடுப்பவர் என்று மாமனார் நினைத்திருந்தார்.

ஹாரன் ஊதிய அன்று செல்வின் துரை முறைப்படி சுவிட்சை மாற்றினார். ஊதியது. ஒயரைக் கழற்றினார். ஊதியது. ஹாரனையே கழற்றி எடுத்து, துணியில் சுற்றி, தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்; ஜெபசிங் ஜன்னலுக்கு வெளியே கேப்டன் மைதிலியோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனபோது, இழுப்பறைக்குள்ளிருந்து அது, மூட்டையில் கட்டிய கோழியைப் போலக் கத்தியது. கேப்டன் மைதிலி பள்ளியின் தலைவர். இருபது வருடம் விமானம் ஓட்டியவர். வந்து இழுப்பறையைப் பார்த்தார், செல்வின் துரையைப் பார்த்தார்.

"கோளாறு எங்க இருக்கு, செல்வின்?"

"தேடிட்டிருக்கேன் மேடம்."

செல்வின் துரை ஹாரனை மறுபடி விமானத்தில் மாட்டிவிட்டு, பதிவுப் புத்தகத்தில் 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதினார். அதை எழுதும்போதும் ஊதியது.

உண்மையை முதலில் சொன்னவர் வாயில் காவலர் மாடக்கண்ணு. "சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒரு வாரமா பாக்கேன். ஜெபசிங் சாரு தனியா நின்னா கம்முனு கெடக்கு. நீங்க தனியா நின்னாலும் கம்முனுதான் கெடக்கு. ரெண்டு பேரும் சேந்து நின்னா கத்துது."

"எர்த் லூஸா இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கும் கத்துச்சே சார், இங்க ஒரு குஞ்சு கிடையாது. ஒன்றரை மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு செல்வின் துரை பதினொரு கிலோமீட்டர் தள்ளி மாமனார் வீட்டுப் பந்தியில் இருந்தார். அப்போதுதான் மாமியார், இருபத்து நான்கு வருடமாக மூத்த மருமகன் இலையில் விழுந்த சீலா மீன் தலையைக் கரண்டியில் ஏந்தி, ஒரு கணம் நின்று, ஜெபசிங்கின் இலையில் வைத்தார். "ஷார்ஜாவுல இதெல்லாம் எங்க கிடைச்சிருக்கும், பாவம்" என்றும் சொன்னார். செல்வின் துரை அன்று ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எனக்குத் தெரியாது மாடக்கண்ணு" என்றார் அவர். மாடக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது, மாடக்கண்ணுவுக்குத் தெரிந்ததால் டீக்கடைக்குத் தெரிந்தது, டீக்கடைக்குத் தெரிந்ததால் அடுத்த புதன்கிழமைக்குள் குரும்பைக்குளம் முழுக்க, அதன் மூன்று தெருக்களுக்கும் இரண்டு கோயில்களுக்கும் ஒரு மாதா கெபிக்கும், ஓடுபாதை ஓரத்துக் கொட்டகையில் ஒரு ஹாரன் பொறாமைக்கு ஊதுகிறது என்பது தெரிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. எப்போது போனால் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டார்கள்.

முதலில் மகளிர் குழுப் பெண்கள் வந்தார்கள், ஹாரன் ஊதியது. பிறகு பஞ்சாயத்துத் தலைவரும் துணைத் தலைவரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள்; இறங்கும் முன்பே ஊதியது. பெண் பார்க்க வந்தவர்களைப் பெண் வீட்டார் அப்படியே இங்கேயும் ஒரு நடை கூட்டி வந்து, மாப்பிள்ளையின் அக்காவை விமானத்தின் அருகில் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் ஊருக்கு அதன் தாளம் பிடிபட்டது. புடவைக்கும் கொலுசுக்கும் விட்டு விட்டு ஊதும். வரப்புக்கும் கிணற்றுக்கும் நீளமாக ஊதும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்குக்கு நடுங்கி நடுங்கி ஊதும். கூடப் படித்தவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் நிற்காமல் ஊதி, ஆளை வெளியே கூட்டிப்போய் மோர் கொடுத்த பிறகுதான் அடங்கும். ஆனால் ஊராருக்கு அது பக்கத்தில் வந்து நின்றால்தான் ஊதியது. செல்வின் துரைக்கு மட்டும் எத்தனை தூரத்தில் இருந்தாலும் ஊதியது. பெற்றவனின் குரலுக்குப் பிள்ளை திரும்புவதில்லையா, அதைப் போல என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள்.

ஹாரன் வந்த பிறகு ஊரில் ஒன்றிரண்டு நல்லதும் நடந்தது. தன் வயிற்றெரிச்சலைக் கொட்டகையில் நின்று நாலு பேர் கேட்க ஊதவிட்டவன், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனின் முருங்கையை வெட்டப் போகவில்லை. அந்த மாதம் குரும்பைக்குளத்தில் ஒரு வைக்கோற்போர்கூட எரியவில்லை. அதே சமயம் கெட்டதும் நடந்தது. யாருக்கு அதிகம் ஊதியது என்பதில் பெருமை வந்தது. "எங்க ஓரகத்திக்கு என்னைப் பாத்து மூணு நிமிஷம் ஊதுச்சு, கேட்டுக்கோ" என்று ஒருத்தி தண்ணீர் லாரியின் வரிசையில் சொல்ல, மற்றவர்களுக்கு அந்த மூன்று நிமிடத்தின் மேலேயே பொறாமை வந்து, சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போய் ஊதவிட்டார்கள். செக்கடித் தெரு தர்மக்கண் என்பவருக்கு மட்டும் ஒன்றுமே ஊதவில்லை. அவர் மனைவி எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள்: "இந்த மனுசனுக்கு எதைப் பாத்தாலும் ஒண்ணும் தோணாது. அதான் வீடு இன்னும் ஓலை. இங்க வந்தாவது ஊதும்னு பாத்தேன்."

கேப்டன் மைதிலி கொட்டகைத் தரையில் விமானத்தைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று போடச் சொல்லி, 'பொறாமையுள்ளவர்கள் கோட்டைத் தாண்டி வரக் கூடாது' என்று பலகை வைத்தார். உள்ளே நின்றால் உத்தமர் என்று சொல்லிக்கொள்வது போலாகும், வெளியே நின்றால் ஒப்புக்கொள்வது போலாகும் என்பதால், வந்தவர்கள் எல்லோரும் சரியாகக் கோட்டின் மேல் நின்றார்கள்.

ஜெபசிங் மட்டும் கோட்டுக்கு உள்ளே சாதாரணமாக நடந்துபோனார், வந்தார், இறக்கையின் மேல் சாய்ந்து டீ குடித்தார். அவருக்காக ஹாரன் ஒருமுறைகூட ஊதவில்லை. ஒன்பது மாதத்தில் அவர் செல்வின் துரையின் அனுபவத்தையோ, பெயரையோ, சொந்த வீட்டையோ, ஊரில் கிடைக்கும் மரியாதையையோ பார்த்து ஒரு சின்ன முனகலுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. செல்வின் துரைக்கு மீன் தலை போனதைவிட, மீட்டர் போனதைவிட, இதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தன்னிடம் பொறாமைப்படுவதற்கு அவனுக்கு ஒன்றுகூடவா தென்படவில்லை?

ஏழாவது வாரம் கேப்டன் மைதிலி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். "சனிக்கிழமை நானே பறந்து சோதிக்கிறேன். சரியா இருந்தா திங்கட்கிழமை காலையில நம்ம மாணவி ஆதிரா முதல் தடவையா தனியாப் போறா. அதுக்கு முன்னாடி ஒயரிங் முழுக்க ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடணும், இன்னொருத்தர் அதைத் தன் கையால மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடணும். ஹாரன் யாருக்காக ஊதினாலும் எனக்குக் கவலையில்ல. அந்தத் தகடு எழும்பினா ஊதணும். அது போதும்." தலைமைப் பொறியாளர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேஜையில் தலைமை அலுவலகத்தின் உறை ஒன்று பிரிக்காமல் கிடந்தது.

வியாழக்கிழமை செல்வின் துரை தனியாக அமர்ந்து, இறக்கையின் தகட்டிலிருந்து ஹாரன் வரை போகும் ஒயரின் இரண்டு முனைகளிலும் டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. எழும்போது அவர் முதுகு இறக்கையில் இடித்தது. மீட்டரின் எண்கள் ஒரே ஒரு முறை பதறி அடங்கின. அவர் மறுபடி உட்கார்ந்தார். பத்தொன்பது வருடம் ஒயர் பிடித்த கைக்கு அது என்னவென்று தெரியும்: வெளித்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கின்றன, தரையில் நிற்கும்போது தொடும், பறக்கும்போது இறக்கை வளைந்தால் விலகும். எந்த இடம் என்று கண்டுபிடிக்க எண் காட்டும் மீட்டர் உதவாது. அது யோசித்துச் சொல்லும், அதற்குள் இழை மறுபடி தொட்டுவிடும். முள் மீட்டர் வேண்டும். முள் யோசிக்காது, விழும்.

முள் மீட்டர் ஜெபசிங்கின் வீட்டில் இருந்தது. "தம்பி, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். செல்வின் துரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டு முறையும் ஹாரன் ஊதியது. பிறகு அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, 'ஒயரிங் பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன்தான் மறுபடி பார்க்க வேண்டுமே, ஷார்ஜாக்காரன், பார்க்கட்டும், கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிக்காவிட்டால் சனிக்கிழமை வானத்தில் ஹாரன் ஊதாது, கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் யார் என்று மேடம் பார்க்கட்டும்.

ஜெபசிங் வந்து தகட்டை விரலால் தூக்கினார்; ஊதியது. விட்டார், நின்றது. டிஜிட்டல் மீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தார். "நீங்க பாத்துட்டீங்கல்ல அண்ணே, அப்புறம் எனக்கென்ன" என்று சிரித்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை காலை ஊரே கம்பி வேலி ஓரம் நின்றது. ஷீபா செல்வின் துரைக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபசிங் விமானத்தில் கேப்டனுக்கு வலது பக்கம் ஏறி உட்கார்ந்து கையசைத்தார். விமானம் எழும்பி, மூவாயிரம் அடியில் ஒரு கொக்கு அளவுக்குச் சிறுத்தது. மாடக்கண்ணுவின் கையில் இருந்த வயர்லெஸ்ஸில் கேப்டனின் குரல் கேட்டது: "வேகத்தைக் குறைக்கிறேன். மூக்கைத் தூக்குறேன்." வேலி ஓரம் பேச்சு நின்றது. ஹாரன் ஊதவில்லை. "இன்னும் தூக்குறேன்." ஊதவில்லை. செல்வின் துரை வேலிக் கம்பியைப் பிடித்தார். அவர் வியாழக்கிழமை இதைத்தான் விரும்பியிருந்தார், ஆனால் கொக்கு இப்படி மேலே அசையாமல் நிற்கும் என்பதை அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அப்போது ஷீபா, காத்திருக்கும் நேரத்தில் எதையாவது சொல்வோம் என்று சொன்னாள்: "அத்தான், உங்ககிட்டச் சொல்லிட்டாங்களா? இந்த வருசம் கிறிஸ்துமஸ் குடும்ப ஜெபத்தை இவங்க நடத்தட்டும்னு அப்பா சொல்லிட்டாங்க."

இருபத்து நான்கு வருடம் அந்த ஜெபத்தை நடத்தியவர் செல்வின் துரை. நெஞ்சில் ஏதோ சுருக்கென்று ஏறியது. வயர்லெஸ்ஸில் ஹாரன் வீறிட்டது.

"ஊதிருச்சு!" என்று மாடக்கண்ணு கத்தினார். வேலி முழுக்கக் கைதட்டியது. மேலே மூக்கு இறங்கியது, கொக்கு நகர்ந்தது. ஹாரன் எவ்வளவு நேரம் ஊதியது என்பதை ஒருவர் மட்டுமே அளந்தார்: அவர் மூச்சை இழுத்து, பல்லைக் கடித்து, "சந்தோசம்மா, நல்ல காரியம்" என்று ஷீபாவிடம் சொல்லி முடிக்கும் வரை.

விமானம் தேறிவிட்டதாகக் கேப்டன் எழுதினார். செல்வின் துரைக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண் தனியாகப் போவாள். அவளுக்கு இருபது வயது. அவள் மூக்கைத் தூக்கும் அந்த நொடியில் தான் ஓடுபாதை ஓரம் நின்று சரியாகப் பொறாமைப்பட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பயனில்லை, பிந்தினால் அவள் இல்லை. தன் பொறாமையின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அது நேரத்துக்கு வரும் என்ற நம்பிக்கைதான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபசிங்கின் வீட்டுக்குப் போனார். வாசலில் புது டைல்ஸ் போட்டிருந்தது. கொட்டகையில் ஹாரன் அவர் செருப்பைக் கழற்றியதிலிருந்து ஊதிக்கொண்டே இருந்ததாக மாடக்கண்ணு பிறகு சொன்னார்.

"தம்பி, அந்த முள் மீட்டர் ஒருநாளைக்கு வேணும்."

"அதுவா? ஷீபா, அது எங்க வச்ச?" என்று ஜெபசிங் உள்ளே பார்த்துக் கேட்டார். அது பழைய செய்தித்தாள் கட்டின் மேல், பறக்காமல் இருக்க வைத்திருந்தது. "நீங்களே வச்சுக்கோங்க அண்ணே. அதுல பேட்டரியே கிடையாது. மாமா ஆசையாக் குடுத்தாங்களேன்னு வாங்கி வச்சேன்."

செல்வின் துரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். பெட்டிக்கடையில் செல் வாங்கிப் போட்டார். கொட்டகையில் மீட்டரின் முனைகளை ஒயரில் மாட்டிவிட்டு, மாடக்கண்ணுவை இறக்கை நுனியின் கீழே நிற்கவைத்தார்.

"தோளைக் குடுத்து மெதுவாத் தூக்கும். நான் சொல்லுறப்ப நிறுத்தும்."

"சார், இது ஊதுச்சுன்னா?"

"ஊதாது. தூக்கும்."

மாடக்கண்ணு தூக்கினார். இறக்கை ஒரு சாண் வளைந்தது. முள் விழுந்தது. இறக்கினார், முள் எழுந்தது. செல்வின் துரை ஒயரை விரல் விரலாகத் தடவிக்கொண்டு போக, இறக்கை உடலோடு சேரும் மூலையில், ஒரு தகரத் தாங்கியின் விளிம்பு ஒயரின் மேல் இத்தனை வருடமாக உரசியிருந்த இடத்தில், கத்தியால் தோலைக் கீறினார். உள்ளே இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அறுந்து, ஒன்றின் மேல் ஒன்று சும்மா படுத்திருந்தன. ஒயரை மாற்றினார், தாங்கியின் விளிம்புக்கு ரப்பர் கொடுத்தார், எட்டு முறை இறக்கையைத் தூக்கச் சொன்னார். முள் அசையவில்லை. பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து, வியாழக்கிழமை தான் எழுதியதன் கீழே எழுதினார்: 'மேற்கண்டது உண்மையல்ல. சந்தேகம் இருந்தும் கையெழுத்திட்டேன். சனிக்கிழமை ஹாரன் ஊதியது தகட்டால் அல்ல, என்னால்.' கேப்டனுக்கும் ஜெபசிங்குக்கும் போன் செய்து வரச் சொன்னார்.

கேப்டன் மைதிலி அதை இரண்டு முறை படித்தார். கத்தவில்லை. "ஆறு மாசம் நீங்க எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது, செல்வின்" என்றார். "தலைமை அலுவலகத்துக் கடிதத்தை நேத்துப் பிரிச்சேன். யாரைப் போடறதுன்னு என்னையே முடிவு பண்ணச் சொல்லியிருக்காங்க. இனிமே யோசிக்க ஒண்ணுமில்ல. ஜெபசிங், நாளையிலிருந்து நீங்கதான்." செல்வின் துரை தலையாட்டினார். மாடக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு காதைப் பொத்தினார். ஹாரன் ஊதவில்லை.

செல்வின் துரை ஆறு அடி தள்ளிப் போய்க் குழாயில் கை கழுவினார். புதிய தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அறுந்த ஒயர்த் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை எப்பிடிண்ணே பிடிச்சீங்க? நான் மூணு தடவை பாத்தேனே."

"முள்ளு விழுந்துச்சு."

"வியாழக்கிழமையே சந்தேகம் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப முள்ளு இல்லையே."

"எண்ணு ஒரு தடவை பதறுச்சு."

"ஒரு தடவையா?"

"ஒரு தடவைதான்."

ஜெபசிங் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரி கழற்றியிருந்தது, தகடு படுத்திருந்தது, குழாயடியில் நின்ற மனிதரின் நெஞ்சு பல மாதங்களில் முதல் முறையாகக் காலியாக இருந்தது; அந்த அமைதியில் ஹாரன், பால்குடிக் குழந்தை விக்கல் எடுத்தது போல, அரை வினாடி ஊதி நின்றது.

நால்வரும் நிமிர்ந்தார்கள். ஜெபசிங்கின் காது மடல்கள் சிவந்தன.

"இப்ப யாருக்கு?" என்றார் கேப்டன்.

"எனக்குத்தான் மேடம்" என்றார் செல்வின் துரை, கையைத் துடைத்துக்கொண்டே. "பழக்கம்."

ஜெபசிங் குனிந்து கையெழுத்துப் போட்டார். செல்வின் துரை மீட்டரைத் தோல் உறைக்குள் வைத்து, பட்டையை மாட்டி, அவர் தோளில் தொங்கவிட்டார். "மாமா உங்களுக்குக் குடுத்தது, தம்பி. செல்லு புதுசு போட்டிருக்கேன்." பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே வந்து, சைக்கிளை எடுத்து, மிதிக்காமல் உருட்டிக்கொண்டே ஊருக்குள் போனார், அந்த அரை வினாடியை வீடு வரை சிந்தாமல் கொண்டுபோக வேண்டியிருந்தது.